கறுப்பாக விழுந்த முதல் படம்

எக்ஸ்ரே எடுக்கிறவர்களுக்கு இருக்கிற பெருமை ஒன்றே ஒன்றுதான். முதல் தடவையிலேயே படம் சரியாக விழ வேண்டும். ரொம்பக் கறுத்துவிடவும் கூடாது, வெளிறிப்போகவும் கூடாது. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ண முடிய வேண்டும். சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் இருட்டறையில் இருபத்தாறு வருஷம் இந்தப் பெருமையைக் கட்டிக்கொண்டுதான் நான் வாழ்ந்தேன். மற்ற எதில் என்னைக் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். குழம்பில் உப்பு இல்லை என்பார்கள், சபைப் பாட்டுக்குழுவில் என் குரல் தனியாகப் போகிறது என்பார்கள், வாய் நீளம் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் என் படத்தைக் குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அந்தப் பெருமையால்தான் என் வீட்டுக்காரருக்கு நான் தீங்கு செய்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் பஸ் கண்டக்டர். அறுபதுகளின் கடைசியில் நான் சித்தூரிலிருந்து தினமும் திருப்பதி போய் எக்ஸ்ரே படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். காலை பஸ்ஸில் அவர்தான். புத்தலப்பட்டு தாண்டும்வரை உட்கார இடம் கிடைக்காது. "ஜரகண்டி, முந்துக்கு ஜரகண்டி" என்று தெலுங்கில் கூட்டத்தை நகர்த்திக்கொண்டு, அதே மூச்சில் என்னைப் பார்த்து, "யம்மா, புஸ்தகத்த இப்டிக் குடு, நசுங்கிக்கினு போவுது" என்று தமிழில் சொல்வார். அவருடைய விசில்தான் அந்த ரூட்டில் பேர் பெற்றது. மற்ற கண்டக்டர்கள் 'பிக்' என்று ஒரு ஊது ஊதுவார்கள். இவர் இழுப்பார். பஸ் கிளம்பி, கியர் மாறி, வேகம் பிடிக்கும்வரை அந்த ஒரே விசில் நீண்டுகொண்டே போகும். பிள்ளைகள் கைதட்டும். எங்கள் சபையைச் சேர்ந்தவர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. என் நைனா விசாரித்துவிட்டு வந்து, "பையன் சொன்ன சொல்லு தவறமாட்டானாம்" என்றார். கல்யாணம் முடிவாகிவிட்டது.

நைனா சொன்னது பொய்யில்லை. ஒருநாள் புத்தலப்பட்டில் ஒரு கிழவி, மருந்துச் சீட்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன், எடுத்துக்கொண்டு ஓடி வருகிறேன் என்றாள். "போய் வா, பஸ் நிக்கும்" என்றார் இவர். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஜனங்கள் கத்துகிறார்கள், தெலுங்கிலும் தமிழிலும் வசவு விழுகிறது. இவர் படிக்கட்டில் இறங்கி நின்றுகொண்டு விசிலை ஊதவே இல்லை. கிழவி வந்து ஏறிய பிறகுதான் பஸ் நகர்ந்தது. என் பரீட்சைக்கு அன்று நேரமாகிவிட்டது. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, ஆசையும் வந்தது.

கல்யாணமாகி ஒரு மாசத்தில் அவர் பீடி பிடிக்கிறார் என்று கண்டுபிடித்தேன். சித்தூரில் பிடிக்கமாட்டார். சபைக்காரர்கள் யாராவது பார்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போதகர் காதுக்குப் போய்விடும். அதனால் பாகாலாவுக்குப் பிரியும் ரோட்டில் பஸ் நிற்கும்போது ஒன்று, திருப்பதி ஸ்டாண்டில் இரண்டு, திரும்பும்போது மறுபடி என்று எல்லாமே ஊருக்கு வெளியே. சித்தூர் எல்லை வந்ததும் ஏலக்காய் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். எங்கள் சபையில் பாதி ஆண்கள் அந்தக் காலத்தில் ஏலக்காய் வாசத்தோடுதான் ஜெபத்துக்கு வந்தார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். நான் பேசினேன். சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவேன்.

"துன்றப்பவாவது வுடு" என்பார். அவ்வளவுதான். ஒருநாளும் எதிர்த்துப் பேசமாட்டார். விடவும் மாட்டார்.

எழுபதுகளில் அவர் விசில் குட்டையாகிக்கொண்டே வந்தது. எனக்கு அது உடனே தெரியவில்லை. அப்போது நான் சித்தூரிலேயே வேலையில் சேர்ந்துவிட்டேன், பஸ்ஸில் போவது எப்போதாவதுதான். ஒரு தடவை திருப்பதியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவர் பஸ்ஸிலேயே திரும்பினேன். அவர் விசில் ஊதவே இல்லை. பஸ்ஸின் தகரத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்" என்றார். மேலே மூட்டை ஏற்றிவிட்டு இறங்கியவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வாயைக் குவித்து, ஊதி அணைக்கிற மாதிரி மூச்சை விட்டார். அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட முடியவில்லை.

அன்று வீட்டில் நான் போட்ட சண்டை பக்கத்து மூன்று வீடுகளுக்குக் கேட்டிருக்கும். நான் அழுததும் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. என்னை உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"ஊர்ல இருக்கறவன் நெஞ்சயெல்லாம் போட்டோ புடிக்கிறே. என் நெஞ்சயும் ஒருவாட்டி புடி. அதுல எதனா தெரிஞ்சா சொல்லு, அன்னிக்கே வுட்டுடறேன். அதுக்கப்புறம் ஒரு பீடி தொட்டா என்னக் கேளு. தெரியலன்னா, நீ இதப்பத்தி பேசக் கூடாது. சரியா?"

சரி என்றேன். ஏதாவது தெரியத்தான் போகிறது என்று நம்பினேன். அதற்காக ஜெபம்கூடப் பண்ணினேன். புருஷன் நெஞ்சில் நோய் தெரிய வேண்டும் என்று ஜெபம் பண்ணிய பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

அது மே மாசம். சித்தூர் வெயிலில் இருட்டறை வெந்துகொண்டிருக்கும். படம் கழுவுகிற மருந்துத் தண்ணீர் சூடாகிவிட்டால் படம் தேவைக்கு மேல் கறுத்துவிடும். அதனால் தொட்டியைச் சுற்றி ஐஸ் கட்டி போட்டுவைப்போம். அவரை மெஷின் முன்னால் நிற்க வைத்தேன். சட்டையைக் கழற்றியதும் சிரிப்பு வந்தது. ஆள் ஒல்லி, நெஞ்சு மட்டும் பீப்பாய் மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. நெஞ்சின் கனத்தை அளந்து, சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து, அதற்கேற்ற அளவை மெஷினில் வைத்தேன்.

"மூச்ச நல்லா இழுங்க. புடிங்க. புடிச்சிக்கினே இருங்க."

இருமினார். மறுபடி இழுக்கச் சொன்னேன். எடுத்தேன்.

இருட்டறையின் சிவப்பு விளக்கில் படம் தொட்டியிலிருந்து வெளியே வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறுப்பு. நுரையீரல் இருக்க வேண்டிய இடம் இரண்டும் மை கொட்டினாற்போல் கறுத்திருந்தது. நடுவில் இதயம் ஒரு குச்சி மாதிரி ஒடுங்கித் தெரிந்தது. நுரையீரலின் அடிப்பக்கம் படத்துக்குள் அடங்கவே இல்லை. நல்ல நுரையீரலில் மரக்கிளை மாதிரி மெல்லிய ரத்தக்குழாய்கள் ஓடும். இதில் ஒன்றும் இல்லை. நான் என்ன நினைத்தேன்? ஐயோ, படம் வீணாகிவிட்டதே என்று நினைத்தேன். அளவை அதிகமாக வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் ஐஸ் கரைந்து மருந்து சூடாகிவிட்டது. சொந்தப் புருஷன் படத்தையா இப்படிக் கெடுப்பேன் என்று என்மேலேயே எரிச்சல். அந்த மாசத்தில் அதுதான் என் முதல் வீண் படம்.

ஆகவே அளவைக் குறைத்தேன். ஐஸ் மாற்றினேன். பெரிய ஃபிலிமாக எடுத்துக்கொண்டு மறுபடி அவரை நிற்க வைத்தேன். "இன்னா போட்டோக்காரம்மா, மொத போட்டோவுல நான் அழகா விழலியா?" என்று கேட்டார். "மூடிக்கினு நில்லுங்க" என்றேன்.

இரண்டாவது படம் அருமையாக விழுந்தது. கறுப்பு தணிந்து, புத்தகத்தில் போடுகிற மாதிரி சாம்பல் நிறம். விலா எலும்பு ஒவ்வொன்றும் தெளிவு. நோயை நானே என் கையால் வெளுத்து எடுத்திருக்கிறேன் என்று அந்த நிமிஷம் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும். வாசலில் அடுத்த நோயாளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள், வேலை அவசரம் என்றெல்லாம் சாக்குச் சொல்லலாம். ஆனால் அன்று என் கண் அவர் நெஞ்சைப் பார்க்கவில்லை. என் படத்தின் அழகைத்தான் பார்த்தது.

நல்ல படத்தை மட்டும் டாக்டரிடம் கொண்டுபோனேன். அந்த நாளில் எங்கள் ஊரில் நெஞ்சுப் படம் எடுப்பதே டி.பி. இருக்கிறதா என்று பார்க்கத்தான். டி.பி. வெள்ளையாகத் தெரியும். அதனால் வெள்ளையைத் தேடியே எங்கள் எல்லார் கண்ணும் பழகிவிட்டது. கறுப்பு என்றால் காற்று, காற்று என்றால் ஆரோக்கியம். டாக்டர் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு நொடி பார்த்துவிட்டு, "டி.பி. லேதம்மா, ஏமீ லேது", ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டார். வெளியே நாற்பது பேர் வரிசை.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார். அந்த முகத்தில் பயம் இருந்தது. உண்மையாகவே பயந்துதான் இருந்தார்.

"நல்லா இருக்கு. சுத்தமா இருக்கு" என்றேன்.

பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "விசில் ஊதி ஊதி வளத்த நெஞ்சு, சும்மாவா?" என்றார். அன்று சாயங்காலம் முதல் தடவையாகச் சித்தூரிலேயே, எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே, எனக்கு எதிரிலேயே பீடி பற்ற வைத்தார். பேச்சுப்படி நான் வாயைத் திறக்கவில்லை.

கெட்டுப்போன முதல் படத்தை நான் தூக்கிப்போடவில்லை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. கிரகணம் வரும்போது எக்ஸ்ரே படத்தைக் கண்ணுக்கு முன் வைத்துச் சூரியனைப் பார்ப்பது அந்த நாளில் எல்லா ஊரிலும் வழக்கம். அது கண்ணுக்குக் கெடுதல் என்று இப்போது சொல்கிறார்கள், அப்போது யாரும் சொல்லவில்லை. நல்ல படம் அதற்கு ஆகாது. ரொம்பக் கறுத்த படம்தான் வேண்டும். அடுத்த வருஷத் தொடக்கத்தில் பெரிய கிரகணம் வரப்போகிறது என்று சபையில் ஐந்தாறு பேர் முன்கூட்டியே என்னிடம் சொல்லிவைத்திருந்தார்கள். என்னிடம் இருந்ததிலேயே அதிகம் கறுத்த படம் அவருடையதுதான். பழுப்பு உறையில் போட்டு பீரோவுக்குப் பின்னால் செருகிவைத்தேன்.

கிரகணத்தன்று மத்தியானம் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. எங்கள் சபை ஆட்கள் மட்டும் வடகம் காயப்போடப் போகிறவர்கள் மாதிரி ஒருவர் பின் ஒருவராக எங்கள் மாடிக்கு ஏறினார்கள். அவர் கடைசியாக ஏறி வந்தார். பதினெட்டுப் படிக்கு இரண்டு இடத்தில் நின்றார். அந்தப் படத்தை நான்தான் முதலில் அவர் கையில் கொடுத்தேன். உங்கள் படம்தான், உங்களுக்குத்தான் முதல் மரியாதை என்றேன். தூக்கிப் பிடித்தார். வலது பக்கம், இரண்டு விலா எலும்புக்கு நடுவில், கறுப்புக்குள் சூரியன் பிறை மாதிரி தெரிந்தது.

"யம்மா, இங்க வந்து பாருங்க, என் நெஞ்சுக்குள்ள சூரியன் கீது!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தோம். எனக்குக் குடு, எனக்குக் குடு என்று படம் கைமாறியது. பதினைந்து இருபது பேர் அவருடைய நுரையீரல் வழியாகச் சூரியனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது! அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எதுவுமே இல்லாத இடம்தானே அவ்வளவு கறுப்பாக விழும்?

அதற்குப் பிறகு எட்டு வருஷம் போயிற்று. அவரை பஸ்ஸிலிருந்து எடுத்து டிப்போவில் உட்கார வைத்துவிட்டார்கள். குளிர்காலம் வந்தால் இருமல், மருந்து, ஊசி. ஆஸ்துமா என்றார்கள். வெந்நீர் ஆவி பிடித்தோம், திருப்பதியில் ஒரு டாக்டரைப் பார்த்தோம், நாயுடுபேட்டைப் பக்கம் யாரோ மூலிகைச் சூரணம் கொடுக்கிறார் என்று அதையும் வாங்கித் தின்றார். பீடி மட்டும் நிற்கவில்லை. நான் பேசக் கூடாதல்லவா? ஒன்றிரண்டு தடவை பேசினேன். "போட்டோவுல ஒண்ணும் இல்லன்னு நீதான் சொன்னே" என்பார். மனதுக்குள் மட்டும், இந்த மனுஷன் தலைகீழாக நின்றாலும் விடமாட்டான் என்று திட்டிக்கொள்வேன்.

எண்பதுகளின் கடைசியில் மெட்ராஸில் சி.டி. ஸ்கேன் வந்திருந்தது. திருப்பதி டாக்டர்தான் எழுதிக்கொடுத்து அனுப்பினார். என் வீட்டுக்காரர் மேசையில் படுத்துக்கொண்டார், மேசை அவரைச் சுமந்துகொண்டு வளையத்துக்குள் போயிற்று. நானும் தொழில்காரிதான் என்று தெரிந்ததும், ஸ்கேன் பார்க்கிற டாக்டர் என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். இளம் வயது, நல்ல மனுஷர், சொல்லிக்கொடுப்பதில் ஆசை. திரையில் என் வீட்டுக்காரர் நெஞ்சு, வெட்டி வைத்த பழத் துண்டு மாதிரி ஒவ்வொரு வளையமாக வந்தது.

"இதுல கண்ணால மட்டும் பாக்க வேண்டியதில்லம்மா. ஒவ்வொரு புள்ளிக்கும் மெஷின் ஒரு நம்பர் குடுக்கும். தண்ணி பூஜ்யம். எலும்பு அதுக்கு மேல. வெறும் காத்துன்னா மைனஸ் ஆயிரம். நல்ல நுரையீரல்ல காத்தும் இருக்கும், சதையும் இருக்கும், அதனால அவ்வளவு கீழ போகாது" என்றார். ஒரு சின்ன வட்டத்தை நகர்த்தி அவருடைய நுரையீரலின் மேல் பகுதியில் வைத்தார். ஓரத்தில் எண் வந்தது. மைனஸ் ஆயிரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வேறு இடத்தில் வைத்தார். அங்கேயும் அப்படித்தான். பிறகு எதையோ அழுத்தினார். அந்த மாதிரி வெறுமையாகிப்போன இடங்கள் எல்லாவற்றுக்கும் மெஷினே வெளிச்சமாகக் குறி போட்டுக் காட்டியது. நல்ல இடம் எங்கே என்று நான் தேட வேண்டியிருந்தது.

"பீடிப் புகை உள்ள இருக்கற சுவரையெல்லாம் தின்னுடுச்சு. மிச்சம் வெறும் ஓட்டை" என்றார்.

"சாதாரண எக்ஸ்ரேல இது தெரியாதா சார்?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? முத்தினதுன்னா படம் வழக்கத்தவிட ரொம்பக் கறுப்பா விழும். ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க, எக்ஸ்போஷர் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நெனச்சு, கொறச்சு வச்சு இன்னொண்ணு எடுத்துடுவாங்க" என்று சொல்லிச் சிரித்தார். தொழில்காரர்களுக்குள் சொல்லிக்கொள்கிற வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

போனது திரும்பி வராது, இனிமேல் போகிற வேகத்தைக் குறைக்கலாம், அதற்கு இன்றே பீடியை விட வேண்டும் என்றார் டாக்டர். வெளியே வந்தேன். அவர் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு நின்றார். அன்று வராந்தாவில் பார்த்த அதே பயம் அந்த முகத்தில்.

"தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுது."

"அப்ப சரி" என்றார். பையிலிருந்து பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து, வாசலில் இருந்த டீக்கடைக்காரரிடம் நீட்டி, "அண்ணே, நீ வச்சிக்கோ" என்றார். பிறகு இரண்டு டீ சொன்னார். ஒன்றை ஆற்றி என் கையில் கொடுத்தார்.

நான் நம்பவில்லை. பத்து நாள் தாங்குமா என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகு தினமும் அவர் சட்டைப் பையைத் துழாவினேன். கொல்லையில் செடிக்கடியில் பார்த்தேன், டிப்போவிலிருந்து வந்ததும் சட்டையை முகர்ந்தேன். முன்னெல்லாம் கையும் களவுமாகப் பிடித்துச் சண்டை போடத் தேடினேன். இப்போது தேடியது வேறு காரணத்துக்காக. ஒரே ஒரு துண்டு பீடி கிடைத்துவிட்டால் போதும். இந்த மனுஷன் எப்படியும் விட்டிருக்கமாட்டான், அன்றைக்கு நான் எந்தப் படத்தைக் காட்டியிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கலாம். கட்டின புருஷன் தோற்றுப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவு கேவலமாக இருந்தேன்.

ஒன்றும் கிடைக்கவில்லை. ஏலக்காய்கூட இல்லை. மூன்று மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து அவர் கழற்றிப்போட்ட சட்டையில் நான் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது பார்த்துவிட்டார். கட்டிலில் தலையணையைச் சாய்த்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதெல்லாம் அப்படி உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

"இன்னா தேடறே?"

"ஒண்ணுமில்லீங்க."

"பீடியா?" சிரித்தார். சிரிப்பு முடியும்வரை மூச்சு பத்தவில்லை, நின்று நின்று பேசினார். "போட்டோவுல தெரிஞ்சா வுட்டுடறேன்னு சொன்னேன். தெரிஞ்சுது, வுட்டுட்டேன். அதுல இன்னா கஷ்டம்? அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வுட்டிருப்பேன்."

குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு படம் எடுத்தது ஞாபகம்கூட இருந்திருக்காது. கிரகணப் படம் அவர் சாய்ந்திருந்த கட்டிலுக்கு நேர் எதிரே, பீரோவுக்குப் பின்னால், பழுப்பு உறையில்தான் அப்போதும் இருந்தது. நாலு எட்டு வைத்தால் எடுத்துக் காட்டியிருக்கலாம். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, சட்டையைத் தோய்க்க எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் நாலு வருஷம் இருந்தார். ஒரு பீடி தொடவில்லை.